‘முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?’ கஸ்டமர் வேலையில் ரிஸ்க்கைக் கண்காணிப்பது எப்படி? தேனி மாவட்டம் சொல்லும் பாடம்

தேனி மாவட்டம், மேகமலை அடிவாரத்தில் இருக்கிறது ராயப்பன்பட்டி. கம்பம் பள்ளத்தாக்கின் முக்கியமான திராட்சை ஊர்களில் ஒன்று. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் பூமி இது.

ஒரு உதாரணத்துக்கு, இந்த ஊரில் திராட்சைத் தோட்டங்களுக்குப் பந்தல் போட்டுக் கொடுக்கும் ஒரு காண்ட்ராக்டரை எடுத்துக்கொள்வோம். 2 ஏக்கருக்குக் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் முடித்துக் கொடுக்க வேண்டும். செப்டம்பர் 5-ல் ஆரம்பம், அக்டோபர் 20-க்குள் முடிவு. அட்வான்ஸ் வாங்கியாச்சு. வேலையும் நல்லபடியாகத்தான் தொடங்குகிறது.

அக்டோபர் முதல் வாரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. தோட்டத்துக்குள் லாரி போகவில்லை. அதற்குள் கம்பி விலை ஏறிவிடுகிறது. பாதி ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 20-ம் தேதி தோட்டத்துக்காரர் போன் செய்கிறார். “மழை வந்துருச்சு, என்ன பண்ண?” என்கிறார் காண்ட்ராக்டர். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வருகிறது: “முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

அடுத்தவருக்காக வேலை எடுத்துச் செய்யும் எல்லோரும் ஒரு நாள் கேட்கும் கேள்வி இது. வீடு கட்டும் மேஸ்திரி, கல்யாண மண்டபம் அலங்கரிப்பவர், வெப்சைட் செய்து தருபவர், சென்னை ஐடி நிறுவனத்தின் புராஜெக்ட் மேனேஜர் என யாரும் இதற்கு விதிவிலக்கு இல்லை. மழை வந்தது யார் தப்பும் இல்லை. ஆனால் அக்டோபரில் மழை வரலாம் என்பது செப்டம்பரிலேயே தெரிந்த விஷயம். அதை எழுதி வைக்காததும், வாடிக்கையாளரிடம் சொல்லாததும்தான் தப்பு.

ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்று பெரிய கம்பெனிகள் சொல்வது இதைத்தான். அது என்ன, எப்படிச் செய்வது? தேனி மாவட்டத்தின் அணைகளையும் திட்டங்களையும் வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ரிஸ்க் என்றால் என்ன? பிரச்னையும் ரிஸ்க்கும் ஒன்றா?

இல்லை. பிரச்னை என்பது ஏற்கெனவே நடந்துவிட்டது. ரிஸ்க் இன்னும் நடக்கவில்லை, நடக்கலாம். ‘லாரி சேற்றில் மாட்டிக்கிச்சு’ என்றால் அது பிரச்னை. ‘மழை பெய்தால் லாரி உள்ளே போகாமல் போகலாம்’ என்றால் அது ரிஸ்க்.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் காசு மிச்சமாவது இங்கேதான். பிரச்னையாக மாறிய பிறகு செலவு செய்து சரிசெய்ய மட்டுமே முடியும். ரிஸ்க்காக இருக்கும்போது ஒரு போன் காலில், ஒரு வாரம் முன்கூட்டிப் பொருள் இறக்குவதில் முடிந்துவிடும்.

ஐஎஸ்ஓ 31000 என்ற சர்வதேசத் தரநிலை, ரிஸ்க்கை ‘நம் இலக்குகள் மீது நிச்சயமின்மை ஏற்படுத்தும் விளைவு’ என்கிறது. 2009-ல் வெளியாகி 2018-ல் திருத்தப்பட்ட தரநிலை இது. எளிமையாகச் சொன்னால், முடிக்க வேண்டிய தேதி, செலவு, தரம் ஆகிய மூன்றில் எதையாவது அசைத்துப் பார்க்கக்கூடிய, இன்னும் உறுதியாகாத எதுவும் ரிஸ்க்தான்.

அதனால் ‘மழை’ என்று மட்டும் எழுதி வைத்தால் போதாது. காரணம், நிகழ்வு, விளைவு மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். ‘அக்டோபர் தொடக்கத்திலேயே மழை பிடித்தால், லாரி தோட்டத்துக்குள் போக முடியாது, வேலை 7 நாள் தள்ளிப்போகும்.’ இப்படி எழுதினால்தான் என்ன செய்யலாம் என்ற யோசனை தானாக வரும்.

முல்லைப் பெரியாறு: ரிஸ்க்குகள் வரிசை கட்டி நின்ற திட்டம்

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு அணையைப் பற்றித் தெரியாதவர் இல்லை. ஜனவரி 15 வந்தால் பொங்கலோடு சேர்த்து ஜான் பென்னிகுயிக்கின் பிறந்தநாளும் கொண்டாடப்படுகிறது. லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அந்த அணையை ஒரு ‘புராஜெக்ட்’ ஆகப் பார்த்தால் நமக்கு நிறைய விஷயம் கிடைக்கும். வேலையைக் கொடுத்தது சென்னை மாகாண அரசு. செய்து முடிக்கும் பொறுப்பு பென்னிகுயிக் தலைமையிலான பொறியாளர்களுக்கு.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றின் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் யோசனை 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தில் பேசப்பட்டது. 1808-ல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல், இது நடக்காத காரியம் என்று கைவிடச் சொன்னார். 1850-ல் ஒரு சிறிய முயற்சி தொடங்கி, நோயாலும் ஆள் பிரச்னையாலும் நின்றுபோனது. கடைசியில் 1887-ல் தொடங்கிய வேலைதான் 1895 அக்டோபரில் அணையாக நிறைவடைந்து திறக்கப்பட்டது.

அந்தப் பொறியாளர்கள் முன்னால் இருந்த ரிஸ்க்குகளை இன்றைய பாணியில் பிரித்தால் நான்கு வகை தெரியும்.

முதலாவது, நிலம். அணை கட்ட வேண்டிய இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் ஒரு கல் வைத்தாலும் நாளை வழக்கு. அதனால் பல ஆண்டுகள் பேசி, 1886 அக்டோபர் 29-ல் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் போட்ட பிறகுதான் வேலை தொடங்கியது. சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்று கணக்கு. முதலில் கையெழுத்து, பிறகு கடப்பாரை. இந்த வரிசையை இன்றைக்கும் எத்தனை பேர் தலைகீழாகச் செய்கிறோம்!

இரண்டாவது, ஆறு. ஓடும் ஆற்றுக்கு நடுவே அஸ்திவாரம் போட வேண்டும். தண்ணீரைத் தடுக்கப் போட்ட தற்காலிகத் தடுப்புகளைத் தொடக்க ஆண்டுகளில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. தோல்வி வரும் என்று தெரிந்தே திரும்பத் திரும்பப் போட வேண்டிய வேலை அது.

மூன்றாவது, நோய். அடர்ந்த காடு, மலேரியா. கட்டுமானக் காலத்தில் நோயால் 483 பேர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அணைக்கு அருகிலேயே அவர்களின் கல்லறைகள் உள்ளன. ரிஸ்க் என்ற வார்த்தை சில சமயம் தேதியையும் காசையும் தாண்டி, ஆள் உயிரைக் குறிக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

நான்காவது, பொருள் போக்குவரத்து. சாலை இல்லாத மலைக்குச் சுண்ணாம்பையும் மற்ற பொருட்களையும் ஏற்ற வேண்டும். அதற்காகப் பள்ளத்தாக்கிலிருந்து மேலே கம்பிவடப் பாதை அமைத்தார்கள். மலையின் குறுக்கே ஒரு மைலுக்கும் அதிக நீளத்தில் சுரங்கம் குடைந்தார்கள். அந்த வழியாகத்தான் இன்றைக்கும் தண்ணீர் தமிழகத்துக்கு வருகிறது.

இன்னொரு கதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அரசு பணம் தர மறுத்ததும் பென்னிகுயிக் இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்று அணையை முடித்தார் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு ஆவணச் சான்று இல்லை என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அவர் மீதான மக்களின் மரியாதைக்கு அந்தக் கதை ஒரு சாட்சி. ஆனால் தொழில் செய்பவருக்கு அது திட்டமாக இருக்க முடியாது. வீட்டு நகையை அடகு வைத்து கஸ்டமர் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, பணத்துக்கு நடையாய் நடப்பவர்கள் நம் ஊர்களில் நிறைய. அந்த நிலைக்குப் போகாமல் இருக்கத்தான் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறோம்.

ஒப்புதல் இருந்தும் நின்ற திட்டம்: நியூட்ரினோ ஆய்வகம்

இதே தேனி மாவட்டத்தில் எதிர்திசையிலும் ஒரு உதாரணம் இருக்கிறது. தேவாரம் பக்கம் உள்ள பொட்டிபுரத்தில், போடி மேற்கு மலையைக் குடைந்து இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. சுமார் 1,500 கோடி ரூபாய் செலவில் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தகவல் 2015 ஜனவரியில் வெளியானது.

ஆனால் உள்ளூர் மக்களும் அரசியல் கட்சிகளும் எதிர்த்தன. வழக்குகள் வந்தன. 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீண்டும் அனுமதி தந்தது. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று தெரிவித்தது.

ஆய்வகம் வேண்டுமா, வேண்டாமா என்பது தனி விவாதம். ஒரு புராஜெக்ட்டாகப் பார்த்தால் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். நிதி ஒப்புதல் வந்துவிட்டால் பெரிய ரிஸ்க் தீர்ந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அனுமதியும், அந்த இடத்தில் வாழும் மனிதர்களின் சம்மதமும் தனி ரிஸ்க்குகள். காசு கொடுப்பவர் மட்டும் சம்பந்தப்பட்டவர் இல்லை. சின்ன வேலைக்கும் இது பொருந்தும். தோட்டத்துக்காரர் சரி சொல்லிவிட்டார், ஆனால் லாரி போக வேண்டிய பாதை பக்கத்துத் தோட்டத்துக்காரருடையது என்றால்? அவரிடம் யார் பேசுவது?

ரிஸ்க் பட்டியல் போடுவது எப்படி?

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு 40 பக்க நோட்டு போதும். போனில் எக்ஸெல் ஷீட் போடத் தெரிந்தால் இன்னும் வசதி. ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் ஏழு விஷயங்கள் எழுத வேண்டும்:

1. என்ன நடக்கலாம், அதனால் என்ன ஆகும்
2. நடக்க எவ்வளவு வாய்ப்பு (1 முதல் 5 வரை)
3. நடந்தால் எவ்வளவு பாதிப்பு (1 முதல் 5 வரை)
4. இரண்டையும் பெருக்கினால் வரும் மதிப்பெண்
5. நாம் செய்யப்போவது என்ன
6. அதற்கு யார் பொறுப்பு
7. எந்தக் கட்டத்தில் உஷாராக வேண்டும்

மதிப்பெண் 15 அல்லது அதற்கு மேல் போனால் சிவப்பு, உடனே கவனிக்க வேண்டும். 8 முதல் 14 வரை மஞ்சள், வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்குக் கீழே பச்சை, பட்டியலில் இருந்தால் போதும். இந்த எண்கள் துல்லியமான அறிவியல் இல்லை. எதை முதலில் கவனிப்பது என்று முடிவெடுக்க உதவும் ஒரு வழி, அவ்வளவுதான்.

நம்ம பந்தல் காண்ட்ராக்டர் செப்டம்பர் முதல் தேதி உட்கார்ந்து எழுதியிருந்தால் பட்டியல் இப்படி இருந்திருக்கும்:

மழை: அக்டோபர் தொடக்கத்திலேயே பிடித்தால் லாரி உள்ளே போகாது, 7 நாள் தாமதம். வாய்ப்பு 4, பாதிப்பு 4, மொத்தம் 16. செய்ய வேண்டியது: கல்தூண் முழுவதையும் முதல் 10 நாளில் தோட்டத்தில் இறக்கிவிடுவது.

பணம்: மானியம் வந்ததும் மீதித் தொகையைத் தருகிறேன் என்று தோட்டத்துக்காரர் சொல்கிறார். மானியம் தள்ளிப்போனால் நம் பணமும் தள்ளிப்போகும். வாய்ப்பு 3, பாதிப்பு 5, மொத்தம் 15. செய்ய வேண்டியது: மானியத்தோடு முடிச்சுப் போடாமல், தூண் நட்டதும் இவ்வளவு, கம்பி இழுத்ததும் இவ்வளவு என்று கட்டம் கட்டமாக எழுதி வாங்குவது.

விலை: கம்பி விலை ஏறினால் லாபம் போய்விடும். வாய்ப்பு 3, பாதிப்பு 4, மொத்தம் 12. செய்ய வேண்டியது: கொட்டேஷன் 15 நாள் மட்டுமே செல்லும் என்று எழுதுவது, அட்வான்ஸ் வந்ததும் முதலில் கம்பி வாங்குவது.

ஆட்கள்: தீபாவளி நெருங்கும்போது ஆள் குறையும். வாய்ப்பு 4, பாதிப்பு 3, மொத்தம் 12. செய்ய வேண்டியது: ஆள் அதிகம் தேவைப்படும் வேலையை முன்னால் கொண்டுவருவது, இன்னொரு குழுவிடம் முன்பே பேசி வைப்பது.

இதை எழுத அரை மணி நேரம் கூட ஆகாது.

ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் நான்கு பதில்கள்

எந்த ரிஸ்க்காக இருந்தாலும் நாம் செய்யக்கூடியது நான்கில் ஒன்றுதான்.

தவிர்ப்பது: மழைக்காலத்தில் அந்த வேலையையே எடுக்காமல் ஜனவரிக்குத் தள்ளுவது.

குறைப்பது: தூணை முன்கூட்டியே இறக்கிவிடுவது. ரிஸ்க் போகாது, ஆனால் பாதிப்பு குறையும்.

மாற்றிவிடுவது: இன்ஷூரன்ஸ் எடுப்பது, அல்லது கம்பியை வாடிக்கையாளரே வாங்கித் தருவது என்று பேசுவது. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. காசை மாற்றிவிடலாம், பொறுப்பை முழுசாக மாற்ற முடியாது. சப்-காண்ட்ராக்டர் சொதப்பினாலும் பெயர் கெடுவது நமக்குத்தான்.

ஏற்றுக்கொள்வது: சின்ன ரிஸ்க்குகளைத் தெரிந்தே விட்டுவிடுவது. ஆனால் ‘தெரிந்தே’ என்பது முக்கியம். பட்டியலில் எழுதி, ஏற்றுக்கொண்டோம் என்று குறித்து வைக்க வேண்டும்.

சரி, பட்டியலில் எழுதவே முடியாத ரிஸ்க் வந்தால்? 2023 மே மாதம் இந்தப் பள்ளத்தாக்கு அதைப் பார்த்தது. கேரளாவிலிருந்து இடம் மாற்றப்பட்ட அரிக்கொம்பன் யானை மே 27-ல் கம்பம் நகருக்குள் புகுந்தது. 144 தடை உத்தரவு போடப்பட்டது. பிறகு ராயப்பன்பட்டிக்கு அருகே சண்முகா நதி அணைப் பகுதியில் யானை சுற்றியது. ஜூன் 5-ல்தான் வனத்துறை பிடித்தது. அந்த நாட்களில் தோட்ட வேலை எடுத்திருந்தவர் யாரும் ‘யானை வரும்’ என்று எழுதி வைத்திருக்க மாட்டார். இதற்குத்தான் கெடுவிலும் தொகையிலும் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். 40 நாள் வேலை என்றால் 45 நாள் என்று சொல்வது ஏமாற்று வேலை இல்லை. அந்த 5 நாள் எதற்கு என்று வாடிக்கையாளரிடமே சொல்லிவிட்டால் போதும்.

கண்காணிப்பது எப்படி? வைகை அணையைப் பாருங்கள்

பட்டியல் போடுவது பாதி வேலைதான். எழுதி பீரோவில் வைத்தால் பயன் இல்லை. தொடர்ந்து பார்க்க வேண்டும். இதற்கு நமக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஆண்டிபட்டி அருகே உள்ள வைகை அணை.

அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாம் கட்டம். 69 அடியில் மூன்றாம் கட்ட எச்சரிக்கை கொடுத்து, உபரி நீர் திறக்கப்படும். மழைக்காலத்தில் நம் செய்திகளில் அடிக்கடி பார்க்கும் எண்கள் இவை.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அளவுகோல் முன்பே முடிவானது. தண்ணீர் ஏறிய பிறகு ‘எப்போ சொல்லலாம்?’ என்று யாரும் கூடி யோசிப்பதில்லை. இரண்டு, முதல் எச்சரிக்கை அணை நிரம்ப 5 அடி பாக்கி இருக்கும்போதே வருகிறது. ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு மேடேற நேரம் கிடைக்கிறது. மூன்று, யார் அளக்க வேண்டும், யார் அறிவிக்க வேண்டும் என்பது தெளிவு.

உங்கள் வேலைக்கும் இப்படி மூன்று கோடு போடலாம். பந்தல் வேலையில், வானிலை மையம் தேனிக்கு மஞ்சள் எச்சரிக்கை கொடுத்தால் முதல் கட்டம்: மீதித் தூணை அன்றே இறக்குவது. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் இரண்டாம் கட்டம்: வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்வது. தொடர்ந்து 2 நாள் வேலை நின்றால் மூன்றாம் கட்டம்: புதிய தேதியை எழுத்தில் பேசி முடிவு செய்வது.

ஐடி வேலையிலும் இதே கதைதான். கிளையன்ட் தர வேண்டிய தகவல் 3 நாள் தாமதமானால் நினைவூட்டல், 5 நாள் ஆனால் மேனேஜரிடம் பேச்சு, 8 நாள் ஆனால் கெடு தேதி மாறும் என்ற கடிதம். கோடு எங்கே என்பது வேலையின் முதல் நாளே இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை 15 நிமிடம் ஒதுக்கி நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த ரிஸ்க் முடிந்துபோனது? எது பெரிதாகிறது? புதிதாக எது வந்திருக்கிறது? போன வாரம் செய்கிறேன் என்று சொன்னதைச் செய்தோமா?

வேலை முடிந்தாலும் கண்காணிப்பு முடிவதில்லை என்பதற்கும் முல்லைப் பெரியாறே சாட்சி. 1979-ல் குஜராத்தின் மோர்பியில் மச்சு அணை உடைந்தது. அதே ஆண்டில் முல்லைப் பெரியாறின் பாதுகாப்பு குறித்தும் கேரளாவில் அச்சம் எழுந்தது. நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையின் மேல் கான்கிரீட் மூடி, இரும்பு வடம் கொண்டு நங்கூரம், பின்புறம் கான்கிரீட் தாங்கல் எனப் பலப்படுத்தும் பணிகள் நடந்தன. 2006-ல் 142 அடி வரை தேக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கேரளா சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. மீண்டும் வழக்கு நடந்து, 2014 மே 7-ல் அரசியல் சாசன அமர்வு 142 அடியை உறுதிசெய்து, மேற்பார்வைக் குழுவும் அமைத்தது. கட்டி 130 ஆண்டு ஆனாலும் அணையை இன்னும் அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது?

பலருக்குத் தயக்கம் இங்கேதான். ‘முதல்லயே மழை, விலை உயர்வுன்னு பேசினா, வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்களோ?’ என்ற பயம். அனுபவத்தில் நடப்பது பெரும்பாலும் வேறு. என்ன தப்பாகலாம் என்பதோடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்பவர் மீதுதான் நம்பிக்கை வரும். வெறும் பயத்தை மட்டும் சொல்லக் கூடாது. நடந்தது, பாதிப்பு, நம் திட்டம், அவர் எடுக்க வேண்டிய முடிவு என்ற வரிசையில் சொன்னால் போதும்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் இப்படி:

“அண்ணே வணக்கம். நாளையிலிருந்து 3 நாள் மழை எச்சரிக்கை இருக்கு. தூண் எல்லாம் இறக்கியாச்சு, கம்பி பாக்கி. மழை பெய்தா 20-ம் தேதிக்குப் பதில் 24 ஆகும். இன்னைக்கே டிராக்டர்ல கம்பியை ஏத்திட்டா 2 நாள் மிச்சமாகும், வாடகை மட்டும் கூடும். எப்படிச் செய்யலாம்னு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க அண்ணே.”

இதில் மன்னிப்பும் இல்லை, சாக்கும் இல்லை. முடிவெடுக்கத் தேவையான தகவல் மட்டும் இருக்கிறது. போனில் பேசினாலும், பேசி முடித்ததும் பேசியதைச் சுருக்கமாக மெசேஜில் போட்டுவிடுங்கள். நாளைக்குப் பேச்சு மாறினால் அதுதான் கைகொடுக்கும்.

சட்டம் எந்த அளவுக்குக் காப்பாற்றும்?

‘மழை இறைவன் செயல், அதுக்கு நான் பொறுப்பில்லை’ என்று எல்லா நேரமும் தப்பிக்க முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 56-வது பிரிவு, செய்யவே முடியாமல் போகும் ஒப்பந்தங்கள் செல்லாமல் போகும் என்கிறது. ஆனால் செலவு கூடிவிட்டது, கட்டுப்படியாகவில்லை என்பது ‘செய்ய முடியாதது’ ஆகாது. இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறியதைக் காரணம் காட்டி மின் நிறுவனங்கள் சலுகை கேட்டபோது, 2017-ல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில், விலை உயர்வை மட்டும் காட்டி ஒப்பந்தப் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய நிறுவனங்களுக்கே அப்படி என்றால், நாமும் விலை ஏறினால் என்ன செய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு. மழையால் எத்தனை நாள் கூடுதல் அவகாசம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பணம் தாமதமானால்? குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தேதி எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. மாநிலத்தில் இதற்கென உள்ள வசதிக் கவுன்சிலில் முறையிடலாம். ஆனால் உத்யம் பதிவை வேலை எடுக்கும் முன்பே செய்திருப்பது முக்கியம். கட்டுமானம் போன்ற ‘ஒர்க்ஸ் காண்ட்ராக்ட்’ வேலைகளுக்கு இது பொருந்துமா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. எனவே உங்கள் வேலை எந்த வகை என்று ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே தவறுகிறோம்?

என்ன வேலை என்று முழுசாக முடிவாகும் முன்பே தொடங்குவது முதல் தவறு. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற சிட்னி ஓபரா ஹவுஸ் இதற்கு உலக உதாரணம். கூரையை எப்படிக் கட்டுவது என்பது முடிவாகாமலே 1959-ல் வேலை தொடங்கியது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்டது 10.2 கோடி டாலரில் முடிந்தது. 1963-ல் திறக்க நினைத்தது 1973-ல்தான் திறக்கப்பட்டது.

இரண்டாவது, ‘எல்லாரும் பார்த்துக்கலாம்’ என்று விடுவது. ஒரு ரிஸ்க்குக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். எல்லோரும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை.

மூன்றாவது, கெட்ட செய்தியைத் தள்ளிப்போடுவது. வேலையாள் ‘அண்ணே, இது சரியா வராது போல’ என்று சொல்லும்போது அதட்டினால், அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். நமக்குத் தெரியவரும்போது 69 அடி தாண்டியிருக்கும்.

நான்காவது, வேலை முடிந்ததும் பட்டியலைத் தூக்கிப்போடுவது. போன வருஷப் பட்டியல்தான் அடுத்த வேலையின் முதல் பக்கம். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று குறித்து வைத்தால், அடுத்த கொட்டேஷன் போடும்போது கை நடுங்காது.

அடுத்த வேலை எடுக்கும் முன்

ராயப்பன்பட்டி காண்ட்ராக்டரிடம் திரும்பி வருவோம். அடுத்த வருஷமும் அக்டோபரில் மழை வரும். கம்பி விலையும் ஏறி இறங்கும். அதில் எதையும் அவரால் மாற்ற முடியாது. அவர் கையில் இருப்பது செப்டம்பர் முதல் தேதியின் அரை மணி நேரமும், வாரா வாரம் 15 நிமிடமும், சரியான நேரத்தில் ஒரு வாட்ஸ்அப் மெசேஜும்தான்.

அப்போதும் வேலை நாலு நாள் தள்ளிப்போகலாம். ஆனால் தோட்டத்துக்காரர் 20-ம் தேதி போன் செய்து, ‘முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?’ என்று கேட்க மாட்டார். ‘சரிப்பா, நீ சொன்ன மாதிரி 24-ம் தேதி முடிச்சிரு’ என்பார். அடுத்த தோட்டத்து வேலையும் அவருக்கே வரும்.